பன்னிரண்டா, இருபத்தொன்றா

பிப்ரவரி 3

மெக்கானிக் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. சின்னவள் எழுதச் சொன்னாள், எழுதுகிறேன். நான் பேனாவை எடுக்கும்வரை தட்டில் கை வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். எட்டு மாத வயிற்றோடு ஒருத்தி பட்டினி கிடந்தால் என் வீம்பு எத்தனை நேரம் நிற்கும்?

ஆமாம், எட்டு மாதம். அவள் தன் அக்காவுக்கு எழுதியிருக்கிறாளா என்று தெரியாது. நான் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கிளினிக் ஜீப்பைத் தலைமை அலுவலகம் போன மாதம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருப்பது வெள்ளைக் கார். அதே கார்தான். இரண்டு வருடமாக அதை மலைமேல் ஏற்றவில்லை. மருந்துப் பெட்டி எடுத்துவர, டாக்டரைத் தபால் நிலையத்துக்குக் கூட்டிப்போக என்று கீழேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்க்க மேலே ஏற்றினேன். ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு வந்தது. உடனே என்ஜின் நின்றது. அரைமணி நேரம் கல்லில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது.

மறுநாள் கம்பியைச் செருகி, கோளாறு எண்ணைக் காட்ட அந்த விளக்கு மின்னுவதை எண்ணினேன். இருபத்தொன்று. இரண்டு வருடத்துக்கு முன் வந்த அதே இருபத்தொன்று. நீங்கள் அனுப்பிய சென்சார் புத்தம் புதியதாக அதே இடத்தில்தான் இருக்கிறது. எதற்கு அனுப்பினீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டு முடிந்துவிட்டது.

இந்த முறை அறுவை தேவைப்படலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்ச் முதல் வாரம். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஆகும். பஸ் ஒரு நாளைக்கு ஒன்று. வலி பஸ் நேரம் பார்த்து வராது. முன்னாடியே போய்த் தங்கலாம் என்றால் அந்த ஊரில் எங்களுக்கு ஒருவரும் இல்லை. வலி வராமல் படுக்கையும் தர மாட்டார்கள்.

அதனால் காருக்கு என்ன செய்ய வேண்டும் என்று காகிதத்தில் எழுதி அனுப்புங்கள். டாக்டர் மேஜையில் போன் இருக்கிறது. உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டு நான் ஒழுங்காகப் பேசுவேன் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. நேரில் வர வேண்டாம். என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னது அப்படியே இருக்கிறது.

கிளினிக் டிரைவர்

—

பிப்ரவரி 6

டிரைவர் அய்யா அவர்களின் சமூகத்துக்கு,

மெக்கானிக் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. பஸ் கண்டக்டர் உன் கடிதத்தை நீட்டியபோது உறையில் உன் கையெழுத்தைப் பார்த்து, ஸ்பானரை எங்கே வைத்தேன் என்று மறந்துபோனேன். இன்னும் கிடைக்கவில்லை.

ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள் நாம். நான் பெரியவளை, நீ சின்னவளை. சகலை என்று அழைக்க ஒரு நல்ல வார்த்தை இருக்கும்போது மெக்கானிக் அவர்களுக்கு என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். மஞ்சள் விளக்கு எரிந்தாலும் பரவாயில்லை, பேட்டரியே செத்துக் கிடக்கவில்லையே என்று சந்தோஷப்பட்டேன்.

எட்டு மாதம் என்று பெரியவளிடம் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு முன்பே தெரியும். நாலாவது மாதத்திலிருந்தே தெரியுமாம். "உங்ககிட்ட சொன்னா ஓடிப் போய் நிப்பீங்க, அவரு மறுபடியும் சட்டையைப் புடிப்பாரு. எதுக்கு வம்பு?" என்றாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ பிடித்த பிடியில் போன மூன்றாவது பொத்தானுக்குப் பதில் வேறு நிறத்தில் ஒன்று தைத்து இன்னும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை. அன்றைக்கு என் சட்டை மட்டும்தான் போனது, உனக்குப் போனது என்ன என்று எனக்குத் தெரியாதா?

இப்போது கார். இருபத்தொன்று என்றால் சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். அது புகையை மோந்து பார்க்கும் மூக்கு. மூக்கு கெட்டால் வண்டி பெட்ரோல் கூடக் குடிக்கும், புகை கறுக்கும், இழுவை கொஞ்சம் குறையும். நிற்காது. ஜலதோஷம் பிடித்தவன் நடக்க முடியாமல் விழுவானா? இதை இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு விடை கிடைக்கவில்லை.

அதனால் நான் கேட்பதற்கு எரிச்சல்படாமல் பதில் எழுது. நிற்கும்போது வண்டி திக்கித் திணறி நிற்கிறதா, சுவிட்சை அணைத்தது போலப் பட்டென்று நிற்கிறதா? என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் அந்த நேரத்தில் என்ன செய்கிறது? காலையில் குளிர்ந்திருக்கும்போது எப்போதாவது நின்றிருக்கிறதா? இன்னொன்று. நீ விளக்கை எப்படி எண்ணினாய் என்பதை, சமையல் குறிப்பு எழுதுவது போல, காரில் கை வைத்ததிலிருந்து ஒன்றுவிடாமல் எழுது. உன்மேல் சந்தேகம் இல்லை. நான் பார்க்க முடியாத காருக்கு நான் வைத்தியம் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

சின்னவளிடம் மாமா கேட்டதாகச் சொல். சொல்ல மாட்டாய். பரவாயில்லை, கடிதத்தை மேஜைமேல் போட்டு வை, அவளே வாசிப்பாள்.

சகலை

—

பிப்ரவரி 9

மெக்கானிக் அவர்களுக்கு,

உங்கள் கிண்டலுக்கு இங்கே யாரும் சிரிக்கவில்லை. சின்னவள் சிரித்தாள், அது வேறு விஷயம். பொத்தான் பற்றி எழுதிய இடத்தில் சிரிக்கவில்லை.

கேட்டதற்குப் பதில். பட்டென்றுதான் நிற்கிறது. திணறல் கிடையாது. முள்ளைப் பற்றிக் கேட்டதால் நேற்று மறுபடி ஏற்றிப் பார்த்தேன். ஆறாவது வளைவு. வண்டி கியரில் இன்னும் உருண்டுகொண்டிருக்கிறது, சக்கரம் என்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கிறது, ஆனால் முள் மட்டும் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. ஆறியபின் சரியாகிவிட்டது. காலைக் குளிரில் ஒருநாளும் நின்றதில்லை.

எண்ணிய விதம். என்மேல் சந்தேகம் இல்லை என்று எழுதிவிட்டுச் சந்தேகத்தோடுதான் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன், படித்துவிட்டுத் திருப்திப்படுங்கள். கிளினிக் முற்றத்தில் காரை நிறுத்தினேன். சாவியை ஆன் வரைக்கும் திருப்பினேன், ஸ்டார்ட் செய்யவில்லை. இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து, நீங்கள் அன்று போனில் சொன்ன கறுப்புப் பெட்டியின் மூடியைத் தூக்கி, வளைத்த கம்பியை இரண்டு ஓட்டையிலும் செருகினேன். ஓடி வந்து சீட்டில் உட்கார்ந்தேன். உட்காரும்போதே விளக்கு மின்ன ஆரம்பித்துவிட்டது. இரண்டு தடவை மின்னியது, நின்றது, ஒரு தடவை மின்னியது. இருபத்தொன்று. எழுதிக்கொண்டேன். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று ஓடிப்போய்க் கம்பியைப் பிடுங்கினேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எண்ணியபோதும் இதே மாதிரிதான், இம்மி பிசகவில்லை. அன்றைக்குச் சின்னவள் பக்கத்து சீட்டில் இருந்தாள். ஏதோ சொல்ல வந்தாள். "எண்ணும்போது வாயைத் திறக்காதே" என்றேன். அவ்வளவு கவனமாக எண்ணியிருக்கிறேன். போதுமா?

இதையும் எழுதிவிடுகிறேன், யாரிடமாவது சொல்ல வேண்டும். சின்னவள் இந்தக் குழந்தைக்கென்று ஒரு துண்டுத் துணிகூட எடுத்து வைக்கவில்லை. போன தடவை, நீங்கள் அனுப்பிய சென்சாரை மாட்டிவிட்டு நம்பிக் கிளம்பிய அன்றைக்கு, எல்லாம் மடித்து ஒரு பையில் வைத்திருந்தாள். ஏழாவது வளைவில் நாற்பது நிமிடம் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்றார்கள். அந்தப் பை இப்போது எங்கே என்று நான் கேட்டதில்லை. இப்போதெல்லாம் காரில் ஏறினால் டேஷ்போர்டில் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறாள். எதற்கு என்றால், "சும்மாதாங்க, சூடா இருக்கான்னு பாக்குறேன்" என்கிறாள். உங்களைத் திட்டுவது எனக்குப் பழகிவிட்டது. அவள் அந்தக் கையை வைக்கும்போது யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

கிளினிக் டிரைவர்

—

பிப்ரவரி 12

சகலை,

தவறு என்னுடையது. சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன்.

எந்த எண்ணுக்கு எந்தக் கோளாறு என்று என்னிடம் இருக்கும் கோட் சார்ட்டில் அச்சுப்பிழை. பன்னிரண்டும் இருபத்தொன்றும் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. உன் கடிதம் வந்தபின் இன்னொரு பட்டறையில் போய் அவர்கள் சார்ட்டோடு வைத்துப் பார்த்தேன், அப்போதுதான் தெரிந்தது. உன் எண் சரி, என் காகிதம் தப்பு. அன்றைக்கே ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டியவன் நான். மன்னித்துக்கொள் என்று எழுதுவது ரொம்பச் சின்ன வார்த்தை. வேறு வார்த்தை தெரியவில்லை.

நோய் இதுதான். என்ஜின் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்னக் கம்பிச்சுருள், காயில் என்போம், தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது. மலை ஏறும்போது சூட்டில் அதற்குள் இருக்கும் மயிரிழைக் கம்பி விட்டுப்போகிறது. சேதி வராவிட்டால், என்ஜின் நின்றுவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலையும் தீப்பொறியையும் நிறுத்திவிடும். ஆறினால் கம்பி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் முள் பொத்தென்று விழுகிறது, அதனால்தான் காலையில் நிற்பதில்லை.

முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் இந்தப் பஸ்ஸில் அனுப்புகிறேன். தலைமுடி உலர்த்தும் மெஷினால் ஒரு மணி நேரம் சூடேற்றிச் சோதித்துவிட்டேன், காயில் அசையவில்லை. பழையதைக் கழற்றுமுன் அது எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொள். புதியதை அதே கோட்டில் உட்கார வை. மாட்டியபின் ஃபியூஸைப் பிடுங்கி ஒரு நிமிடம் வைத்திருந்து திரும்பப் போடு, பழைய நினைவெல்லாம் அழிந்துவிடும். இனி அந்த விளக்கை எண்ணிக்கொண்டிருக்காதே. எண்ணி ஆவது ஒன்றுமில்லை. மாட்டு, மலை ஏற்று, எனக்கு எழுது.

சகலை

தம்பி, இது அக்கா. இவர் முகம் கழுவப் போயிருக்கிறார், பார்சல் கட்டும் சாக்கில் எழுதுகிறேன். இரண்டு நாளாக உன் கடிதத்தையே திருப்பித் திருப்பி வாசிக்கிறார். விளக்கை எண்ணாதே என்று எதற்கு எழுதியிருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் பட்டறையில் சீட்டில் உட்கார்ந்து எண்ணுவது நான்தான், பதினொரு வருடமாக. நீ எண்ணிப் பார். கம்பியை முதலில் செருகிவிட்டு, சீட்டில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். பார்த்தவுடன் எழுதிவிடக் கூடாது. முதல் சுற்று கண்ணுக்கு, இரண்டாவது சுற்று வாய்க்கு, மூன்றாவது சுற்று காகிதத்துக்கு. நீளமாக நிற்கிற இடத்துக்குப் பிறகு வருவதுதான் முதல் எண். சின்னவளைச் சாப்பிட வை.

—

பிப்ரவரி 16

சகலைக்கு,

பார்சல் வந்தது. பழையதைக் கழற்றுமுன் அக்கா சொன்னபடி ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். கம்பியைச் செருகினேன், உட்கார்ந்தேன், சாவியைத் திருப்பினேன். ஒரு தடவை மின்னியது. கொஞ்சம் நின்றது. இரண்டு தடவை மின்னியது. ரொம்ப நேரம் நின்றது. மறுபடி ஒன்று, மறுபடி இரண்டு. மூன்று சுற்றும் பார்த்தேன். பன்னிரண்டு.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. உங்கள் சார்ட் இடம் மாறியிருந்தால் பன்னிரண்டு என்பது மூக்கு சென்சார் ஆகிவிடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரை எதற்கு அனுப்பினீர்கள்? காரிலேயே உட்கார்ந்து உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். பிறகு இறங்கி, என் பழைய முறைப்படி செய்தேன். சாவியைத் திருப்பி, கம்பியைச் செருகி, ஓடி வந்து உட்கார்ந்தேன். இரண்டு, ஒன்று. இருபத்தொன்று. மறுபடி செய்தேன். ஐந்து தடவை செய்தேன். பானெட்டிலிருந்து சீட்டுக்கு ஓடி வர எனக்கு ஆகும் நேரத்தில் அந்த முதல் ஒன்று போய்விடுகிறது. ஐந்து தடவையும் போய்விட்டது.

அன்றைக்கும் போயிருக்கிறது.

டேஷ்போர்டு அறையில் அன்றைக்கு எண்ணை எழுதிய காகிதம் இன்னும் கிடக்கிறது. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் 21 என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அவ்வளவு நிச்சயம். அதைப் பார்த்துத்தான் உங்களுக்குப் போன் செய்தேன். நான் சொன்ன எண்ணுக்கு நீங்கள் சாமான் அனுப்பினீர்கள். அப்புறம் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும், என் பிள்ளையைக் கொன்றுவிட்டாய் என்று உங்கள் சட்டையைப் பிடித்தேன். நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.

சார்ட்டில் அச்சுப்பிழை எதுவும் இல்லை, இல்லையா? நான் எண்ணிய விதத்தைப் படித்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஏன் பொய் எழுதினீர்கள்? நான் தாங்க மாட்டேன் என்றா? சரிதான், தாங்க முடியவில்லை. முற்றத்தில் பானெட் திறந்தபடி கிடக்க, நர்ஸ் வந்து எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள்.

டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டிவிட்டேன். மூன்று நாளில் மூன்று தடவை உச்சிவரை ஏற்றி இறக்கினேன், உச்சி வெயிலில். நிற்கவில்லை, விளக்கும் வரவில்லை. கார் சரியாகிவிட்டது. நான்தான் சரியில்லை. சின்னவளை ஏற்றிக்கொண்டு அந்த மலையில் நான் ஓட்ட மாட்டேன். ஸ்டியரிங்கில் வைத்தால் கை நடுங்குகிறது. டாக்டரிடம் வேறு ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இங்கே லைசென்ஸ் உள்ள இன்னொரு ஆள் மருந்தாளுநர் ஒருவர்தான். சமதரையிலேயே இரண்டாவது கியரைத் தாண்டாத மனிதர். ஆனாலும் அவர் யாரையும் கொன்றதில்லை.

சின்னவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

—

பிப்ரவரி 18

தம்பி,

உன் கடிதத்தைப் பெரியவளும் படித்தாள். நான் பொய் எழுதியது தெரியாமல் அவள் எண்ணச் சொல்லிவிட்டாள். அழுதுகொண்டே என்னைத் திட்டினாள். "பொய் சொல்றதா இருந்தா என்கிட்ட முன்னாடியே சொல்லி வைக்க மாட்டீங்களா?" என்றாள். பிறகு அவளே, "சொல்லாம விட்டிருந்தாலும் தப்புதான். நாளைக்கு வேற கோட் வந்தா மறுபடியும் இப்படித்தான் எண்ணுவாரு" என்றாள். இரண்டும் சரிதான். நான் ஒன்றை மட்டும் யோசித்தேன்.

பொய் என்று கண்டுபிடித்துவிட்டாய். இப்போது நிஜத்தையும் கேட்டுக்கொள். அது உனக்குத் தெரிந்ததைவிடக் கொஞ்சம் நீளம்.

அன்றைக்கு நீ போன் செய்தபோது பட்டறையில் ஒரு ஆள் என் தலைக்குமேல் நின்றுகொண்டிருந்தான், வண்டி எப்போது ஆகும் எப்போது ஆகும் என்று. உனக்கு இரண்டு நிமிடத்தில் பாடம் எடுத்தேன். கம்பியைச் செருகு, விளக்கை எண்ணு, எண்ணைச் சொல். எண்ணச் சொன்னேனே தவிர, எங்கிருந்து எண்ண வேண்டும் என்று சொன்னேனா? பெரியவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மாதம் ஆனது. முதல் வாரத்தில் அவள் எத்தனை இருபத்தொன்று சொல்லியிருக்கிறாள் என்று அவளையே கேள். உனக்கு நான் இரண்டு நிமிடம்தான் கொடுத்தேன்.

இது போகட்டும். இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. இரண்டு வருடமாக யோசித்தும் விடை கிடைக்கவில்லை என்று எழுதினேனே, அதுவும் முழு நிஜமில்லை. வண்டி மலையில் பட்டென்று நிற்கிறது என்று நீ அன்றைக்கே போனில் சொன்னாய். மூக்கு சென்சார் வண்டியை நிறுத்தாது என்று எனக்கு அன்றைக்கும் தெரியும். பட்டறையில் நேற்று சேர்ந்த ஆளுக்குக்கூடத் தெரியும். எண்ணும் நோயும் பொருந்தவில்லை என்றால் திரும்பக் கேட்க வேண்டும். சூட்டில் நிற்கிறதா, முள் விழுகிறதா என்று இந்த மாதம் கேட்டேனே, அந்த நாலு கேள்வியை அன்றைக்குக் கேட்டிருந்தால் நீ எந்த எண்ணைச் சொல்லியிருந்தாலும் நான் டிஸ்ட்ரிபியூட்டரைத்தான் அனுப்பியிருப்பேன். கேட்கவில்லை. ஒரு எண் கையில் கிடைத்தது, வேலை முடிந்தது என்று சாமானைப் பஸ்ஸில் போட்டுவிட்டு அந்த ஆளின் வண்டியைப் பார்க்கப் போய்விட்டேன். விளக்கு சொன்னதைக் கேட்டேன், வண்டி சொன்னதைக் கேட்கவில்லை.

நீ சட்டையைப் பிடித்தபோது நான் ஏன் பேசவில்லை என்று இப்போது தெரிகிறதா? பெருந்தன்மை ஒன்றும் இல்லை. நீ சொன்னது சரி என்று நினைத்தேன். அந்தப் பொத்தானை வேறு நிறத்தில் தைக்கச் சொன்னதும் நான்தான், கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் தெரியட்டும் என்று.

ஆகவே பங்கு போட வேண்டும் என்றால் போடலாம், எனக்குத்தான் அதிகம் வரும். நான் பட்டறைக்காரன், நீ நான் சொன்னதை மட்டும் செய்த ஆள். ஆனால் நீ கொன்றாய் என்றும் நான் கொன்றேன் என்றும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தால் சின்னவள் மலை ஏற முடியாது. நமக்கு முன்னால் இருப்பது அது ஒன்றுதான்.

நீதான் ஓட்ட வேண்டும். மருந்தாளுநர் கையில் கொடுத்தால் இரண்டாவது கியரில் அவள் அங்கே போய்ச் சேருவதற்குள் பிள்ளை பள்ளிக்கூடமே போய்விடும். அந்த மலையில் எந்த வளைவில் எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று உன் காலுக்குத் தெரியும். கை நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்குகிற கையோடு தினமும் ஒருமுறை காலி வண்டியை ஏற்றி இறக்கு. எனக்கும் ஒரு மாதம் நடுங்கியது, ஸ்பானர் பிடிக்க முடியவில்லை. பிறகு நின்றுவிட்டது.

சின்னவளிடம் சொல்வது உன் பொறுப்பு, அதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் சொல்லிவிடு. இந்த வீட்டில் ஆளாளுக்கு ஒரு பொய் வைத்துக்கொண்டிருக்கிறோம், நான் உட்பட.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பெரியவள் வருகிறாள், பிரசவம் முடியும்வரை உங்களோடு இருப்பாள். வண்டியில் அவளும் ஏறுவாள். போன் வந்ததும் நானும் அந்த ஆஸ்பத்திரிக்கு வருவேன். பயப்படாதே, உன் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்றுதான் சொன்னாய், ஆஸ்பத்திரி கேட்டைப் பற்றி நீ எதுவும் சொன்னதாக நினைவில்லை. கேட்டுக்கு வெளியே நிற்பேன்.

சகலை

—

மார்ச் 5
ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி

அண்ணே,

நீங்கள் கேட்டுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் மத்தியானத்திலிருந்து உட்கார்ந்திருப்பதாக அக்கா சொன்னாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெரிகிறீர்கள். இறங்கி வரலாம் என்றால், சின்னவள் என் கையைப் பிடித்தபடி தூங்குகிறாள், எடுக்க முடியவில்லை. அதனால் இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும். அக்காவிடம் கொடுத்து அனுப்புகிறேன். எழுதியே பழகிவிட்டது.

காலை பத்து மணிக்கு வலி வந்தது. நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் அக்கா, முன்சீட்டில் சின்னவள், டேஷ்போர்டில் அவள் கை. நாலாவது வளைவு தாண்டும்போது சொல்லிவிட்டேன். அத்தனை நாள் இருந்தும் சொல்ல வாய் வரவில்லை, வண்டி ஓடும்போதுதான் வந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அன்றைக்கு மாமாமேல் தப்பில்லை, நான் எண்ணியது தப்பு, ஒன்று முதலில் வந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்றேன்.

அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். பிறகு, "தெரியுங்க" என்றாள்.

என்ன தெரியும் என்றேன்.

"நான் சீட்டுலதானே உக்காந்திருந்தேன். நீங்க ஓடி வர்றதுக்குள்ள ஒண்ணு மின்னிடுச்சு. அதைத்தான் சொல்ல வந்தேன். வாயைத் திறக்காதேன்னீங்க. அது அவ்ளோ பெரிய விஷயம்னு அப்ப எனக்குத் தெரியாது. அப்புறம் யோசிச்சு யோசிச்சுப் பாத்தப்போ அதுதானோன்னு தோணுச்சு."

ரெண்டு வருஷமா ஏன் சொல்லலை என்று கேட்டேன். 

"சொன்னா நீங்க வண்டியைத் தொட மாட்டீங்க. அப்புறம் என்னை யாரு கூட்டிட்டுப் போவா? அதான் மாமாவுக்கு எழுதச் சொன்னேன். அவரு கேட்டா நீங்க எல்லாத்தையும் வரிசையா எழுதுவீங்க. படிச்சா அவரு கண்டுபுடிச்சுடுவாருன்னு தெரியும்."

பட்டினி கிடப்பேன் என்று உட்கார்ந்தாளே, அது இதற்குத்தான். அக்கா பின்சீட்டிலிருந்து, "ரோட்டைப் பாத்து ஓட்டு தம்பி" என்றாள். ஏழாவது வளைவு அப்போதுதான் வந்தது. முள்ளைப் பார்த்தேன். அசையாமல் நின்றது. கை நடுங்கியது, ஆனால் கியர் தன் இடத்தில் விழுந்தது. வளைவு தாண்டியதும் சின்னவள் டேஷ்போர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவள் காலுக்குக் கீழே ஒரு பை இருந்தது. நான் கவனிக்கவே இல்லை. அதே பை. துணியெல்லாம் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள்.

பெண் குழந்தை. இரண்டு மணிக்குப் பிறந்தது. சின்னவள் நன்றாக இருக்கிறாள்.

என் வீட்டு வாசல் என்று அன்றைக்கு நான் சொன்னதை வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் வெயில் காயாதீர்கள். மேலே வாருங்கள். இங்கிருந்து வீட்டுக்குப் போகும்போது முன்சீட்டு உங்களுக்கு. அந்தப் பொத்தான் வைத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வந்திருக்கிறீர்கள், இங்கிருந்தே தெரிகிறது. அதோடேயே வாருங்கள்.

குழந்தையை என் கையில் கொடுத்ததும் எண்ணினேன். முதல் சுற்று கண்ணால் பார்த்தேன். இரண்டாவது சுற்று வாய்விட்டு எண்ணினேன், நர்ஸ் சிரித்தாள். மூன்றாவது சுற்று இதோ காகிதத்தில்: கைவிரல் பத்து, கால்விரல் பத்து. நீங்களும் வந்து ஒருமுறை எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் சகலை